மண்ணும் மரபும் – 9: ஐந்து பெண்கள், பத்துக் கயிறுகள்

1910-ஆம் ஆண்டு. பாலஸ்தீனம் அப்போது துருக்கி சுல்தானின் ஆளுகையில் இருந்தது. நாப்லூஸ் நகருக்கு வடமேற்கே, செபஸ்தியா என்ற சிற்றூரை ஒட்டிய குன்றில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று அகழாய்வு நடத்திக்கொண்டிருந்தது. தலைவர் ஜார்ஜ் ரைஸ்னர். எகிப்திய மணலில் தொழில் பழகியவர்; கையில் கிடைத்ததையெல்லாம் குறித்துவைப்பதில் பிடிவாதக்காரர். அந்தக் குன்றுதான் பழைய சமாரியா. இஸ்ரவேலின் வடநாட்டு அரசர்கள் கோட்டை கட்டி வாழ்ந்த இடம்.

அரண்மனையை ஒட்டிய கட்டடம் ஒன்றின் தரைக்கடியில், மேடுபள்ளம் தூர்க்கக் கொட்டிய மண்ணில், ஓட்டாஞ்சில்லுகள் கிடைத்தன. உடைந்த பானைத் துண்டுகளுக்கு எந்த அகழாய்விலும் பஞ்சமில்லை. ஆனால் இவற்றின்மேல் கறுப்பு மையில் எழுத்து இருந்தது. எழுத்துள்ள சில்லுகள் நூற்றுக்குமேல் தேறின. தெளிவாகப் படிக்க முடிந்தவை அறுபத்துச் சொச்சம். அவற்றில் காவியமும் இல்லை, சாசனமும் இல்லை. இன்ன ஆண்டில், இன்ன இடத்திலிருந்து, இன்னாருடைய பெயரில், ஒரு சாடி பழைய திராட்சரசம் அல்லது ஒரு சாடி தெளிந்த எண்ணெய். இவ்வளவுதான் கணக்கு. நம் ஊர் மளிகைக்கடைத் துண்டுச்சீட்டைப் போல.

அந்தச் சீட்டுகளில் இடப்பெயர்களாக வரும் சொற்களில் இரண்டு, விவிலியம் படித்தவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தன: நோவா, ஹோக்லா. இரண்டும் பெண்களின் பெயர்கள். தமிழ் விவிலியத்தில் நோவாள், ஒக்லாள். மோசேயின் முன்னால் நின்று நிலம் கேட்டவர்களாக எண்ணாகமம் சொல்லும் ஐந்து சகோதரிகளில் இருவர்.

சென்ற இதழில் நூசி நகரத்தைப் பார்த்தோம். குடும்ப நிலத்தை வெளியாளுக்கு விற்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை ஏய்க்க, வாங்குகிறவனே விற்கிறவனுக்குத் தத்துப்பிள்ளையாகிவிடும் தந்திரம் அங்கே இருந்தது. நிலம் குடும்பத்துக்குள் நிற்க வேண்டும் என்ற அதே ஆசை இஸ்ரவேலரிடமும் இருந்தது. அவர்களுக்கு வந்த சிக்கல் வேறு. வாங்க வந்த அந்நியனால் வந்த சிக்கல் அல்ல. வீட்டில் பிறந்த மகளால் வந்தது.

கோல், கிளை, வீடு

வழக்குக்குள் போகுமுன் நிலம் யார் கையில் இருந்தது என்று பார்த்துவிடலாம்.

இஸ்ரவேலரின் சமூகம் மூன்று அடுக்கு. மேலே கோத்திரம். எபிரேயத்தில் இதற்கு இரண்டு சொற்கள். இரண்டுக்குமே நேர்ப்பொருள் கோல், தடி என்பதுதான். தலைவன் ஊன்றிய கோலே அவன்பின் நின்ற கூட்டத்துக்கும் பெயராயிற்று. அதற்குக் கீழே ‘மிஷ்பாஹா’. தமிழ் விவிலியம் இதை வம்சம் என்கிறது, நாம் கிளை என்போம். பெரும்பாலும் ஓர் ஊரோ பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சிலவோ ஒரு கிளையின் வசம் இருந்தன. அடியில் ‘பேத் ஆவ்’, தகப்பன் வீடு: தாத்தா, அவருடைய மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள். கி.மு. 12, 11-ஆம் நூற்றாண்டுகளின் மலைநாட்டு ஊர்களில் இரண்டு மூன்று வீடுகள் ஒரே முற்றத்தைச் சுற்றி நெருங்கி நிற்பதை அகழாய்வாளர்கள் கண்டார்கள். அந்த முற்றமே தகப்பன் வீடு என்று 1985-இல் லாரன்ஸ் ஸ்டேகர் எழுதிய கட்டுரை பெரும்பாலோரால் ஏற்கப்பட்டது.

நிலத்தை உழுதது வீடு. அது கைமாறாமல் காத்தது கிளை. எல்லை வகுத்தது கோத்திரம். இந்த நிலத்துக்குப் பெயர் ‘நஹலா’. பழைய தமிழ் விவிலியம் இதைச் சுதந்தரம் என்று மொழிபெயர்த்தது. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்கு ஆகஸ்ட் 15 நினைவுக்கு வரும். அன்றைய மொழிபெயர்ப்பாளர்களுக்கோ அது வழிவழியாக வரும் உரிமைச் சொத்து. காணியாட்சி என்ற சொல்லையும் அவர்கள் தயங்காமல் எடுத்தாண்டார்கள். தொண்டைமண்டலத்து வேளாளர்கள் தங்கள் பரம்பரை நிலவுரிமைக்கு வைத்திருந்த அதே சொல்.

நஹலாவுக்கு விலை கிடையாது. லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரம் இதைக் கணக்காகவே எழுதிவைத்திருக்கிறது. நிலம் கடவுளுடையது, மனிதர்கள் அதில் தங்கிப்போகிற குடிகள். ஆகவே யாரும் அதை நிரந்தரமாக விற்க முடியாது. வறுமை வந்து விற்றாலும், விற்பது மண்ணை அல்ல, அடுத்த யூபிலி ஆண்டுவரை மிச்சமிருக்கும் மகசூல்களை. யூபிலி என்பது 50-ஆவது ஆண்டு. அது நெருங்க நெருங்க விலை குறைய வேண்டும், தள்ளியிருந்தால் கூடலாம். இடையில் நெருங்கிய உறவினன் பணம் கொடுத்து மீட்கலாம். யாரும் மீட்காவிட்டாலும் 50-ஆவது ஆண்டில் ஆட்டுக்கொம்பு ஊதியதும் நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்பிவிடும். மதில் சூழ்ந்த நகரத்து வீட்டுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. ஓராண்டுக்குள் மீட்காவிட்டால் அது வாங்கினவனுக்கே. வீடு வேறு, விளைநிலம் வேறு.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையின்மேல் நின்றது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மகன் பிறப்பான்.

வாசலில் நின்ற ஐவர்

செலொப்பியாத் என்பவன் வீட்டில் மகன் பிறக்கவில்லை.

எண்ணாகமம் சொல்லும் களம் மோவாப் சமவெளி. யோர்தானுக்கு அப்பால் எரிகோ தெரிகிறது. நாற்பது ஆண்டுப் பாலைவனப் பயணம் முடியும் தறுவாய். இருபது வயதுக்கு மேற்பட்ட, போருக்குப் போகத்தக்க ஆண்களை எண்ணி முடித்திருக்கிறார்கள்: 6,01,730 பேர். மனாசே கோத்திரத்தில் மட்டும் 52,700. இந்தத் தொகைகளை வரலாற்றாசிரியர்கள் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் கணக்கெடுப்பின் நோக்கம் கவனிக்கத்தக்கது. பெரிய கோத்திரத்துக்குப் பெரிய பங்கு, சிறியதற்குச் சிறியது. எந்தப் பங்கு எங்கே என்பது சீட்டில். அதாவது எண்ணப்பட்டவர்களின் கணக்குப்படிதான் நிலம். பெண்கள் எண்ணப்படவில்லை. ஆண்வாரிசு இல்லாத வீடு அந்தக் கணக்கில் சுழியம்.

மனாசேயின் மகன் மாகீர், அவன் மகன் கீலேயாத், அவன் மகன் ஏபேர், அவன் மகன் செலொப்பியாத். பாலைவனத்திலேயே இறந்துபோனான். அவனுக்கு மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து மகள்கள். ஐவரும் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலுக்கு வந்தார்கள். மோசேயும் ஆசாரியன் எலெயாசாரும் கோத்திரத் தலைவர்களும் கூடியிருந்த சபை அது.

அவர்கள் வைத்த வாதம் தேர்ந்த வழக்கறிஞர் வைப்பது போலிருக்கிறது. எங்கள் தகப்பன் மோசேக்கு எதிராகக் கலகம் செய்த கோராகின் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்ல என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். கலகக்காரனின் உரிமை பறிபோகும் என்றால், அந்த வழியை அடைத்துவிட்டார்கள். அடுத்து, மகன் இல்லை என்பதற்காக எங்கள் தகப்பனின் பெயர் அவருடைய கிளையிலிருந்து ஏன் அற்றுப்போக வேண்டும் என்று கேட்கிறார்கள். பெண்களுக்கும் பங்கு வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. செத்தவரின் பெயர் நிற்க வேண்டும் என்றார்கள். பெயர் நிற்க நிலம் வேண்டும், நிலத்தை வாங்கிக்கொள்ள நாங்கள் இருக்கிறோம் என்றார்கள். சபையில் இருந்த ஒவ்வொரு ஆணுக்கும் உறைக்கிற வாதம் இது. மகன் இல்லாமல் சாவது யாருக்கு வேண்டுமானாலும் நேரலாம்.

மோசேயிடம் தீர்ப்பு இல்லை. கடவுளிடம் கேட்கப் போகிறார். சட்டம் தெரியாமல் அவர் இப்படிக் கேட்டுவர நேர்ந்த வழக்குகள் மோசேயின் ஐந்து நூல்களிலும் சேர்த்து நான்கே. அவற்றில் இரண்டு மரணதண்டனையில் முடிந்தன. இங்கே, பெண்கள் சொல்வது சரி என்று பதில் வருகிறது.

பிறகு தனி வழக்கு பொதுச் சட்டமாகிறது. மகன் இல்லாவிட்டால் மகள். மகளும் இல்லாவிட்டால் இறந்தவனின் சகோதரர்கள். அவர்களும் இல்லாவிட்டால் தகப்பனின் சகோதரர்கள். யாருமே இல்லாவிட்டால் கிளையில் மிக நெருங்கிய உறவினன். இதில் ஒரு சொல் நுட்பம் உண்டு. மற்ற எல்லாரிடத்திலும் ‘கொடுங்கள்’ என்று வருகிற எபிரேய மூலம், மகளிடத்தில் மட்டும் ‘கடத்திவிடுங்கள்’ என்ற வினையை வைக்கிறது. நிலம் மகளிடம் தங்கவில்லை. அவள் வழியாகக் கடந்துபோகிறது என்ற எண்ணம் அந்த வினையிலேயே ஒளிந்திருப்பதாகப் பழைய யூத உரையாசிரியர்களே கவனித்திருக்கிறார்கள். பட்டியலில் மனைவியும் தாயும் எங்குமே இல்லை. ஒரு சகோதரன் இருந்திருந்தால் இந்த ஐவருக்கும் இடமில்லை.

மகளை வாரிசாக்கியது இஸ்ரவேலர் கண்டுபிடித்த புதுமையும் அல்ல. மகன் இல்லாத வீட்டில் மகளை வாரிசாக்கினேன் என்று லகாஷ் நகரத்தை ஆண்ட குதேயா தன் சிலையில் பொறித்தது கி.மு. 2100 வாக்கில். அதற்குப்பின் வந்த லிபித்-இஷ்டார் சட்டமும் மணமாகாத மகளுக்கு அந்த உரிமையைத் தந்தது. மெசொப்பொத்தேமியாவில் அது ஒரு வீட்டுக்குள் முடிந்த விஷயம். இஸ்ரவேலில் அப்படி முடியவில்லை. மகளுக்குப் பின்னால் கிளை நின்றது, கிளைக்குப் பின்னால் கோத்திரம் நின்றது.

பங்காளிகளின் மேல்முறையீடு

எண்ணாகமத்தின் கடைசி அதிகாரத்தில் வழக்கு மறுபடி வருகிறது. இம்முறை வாதிகள் கீலேயாத் கிளையின் பெரியவர்கள். இந்தப் பெண்கள் வேறு கோத்திரத்தில் வாழ்க்கைப்பட்டால், இவர்களுடைய பிள்ளைகள் அந்தக் கோத்திரத்தார் ஆவார்கள். தாயின் நிலம் அவர்களுக்குப் போகும். சீட்டில் எங்களுக்கு விழுந்த மண் எங்களைவிட்டுப் போய்விடுமே?

அவர்கள் யூபிலியையும் சுட்டிக்காட்டினார்கள். விற்ற நிலம் 50-ஆவது ஆண்டில் திரும்பும். வாரிசுரிமையில் போனது விற்பனை அல்லவே. அதனால் அது திரும்பாது. யூபிலி வந்தாலும் அந்தப் பங்கு அடுத்த கோத்திரத்தின் கணக்கிலேயே உறுதியாகிவிடும். கல்யாணத்தில் போகிற நிலம் கடனில் போகிற நிலத்தைவிட மோசம். சட்டத்தில் ஒரு துளை இருந்தது. பெரியவர்கள் அதைச் சரியாகவே பார்த்திருந்தார்கள்.

தீர்ப்பு இருதரப்புக்கும் நடுவே வந்தது. அந்தப் பெண்கள் மனதுக்குப் பிடித்தவரை மணக்கலாம். ஆனால் தகப்பனின் கோத்திரத்துக்குள்ளேயே மணக்க வேண்டும். ஐவரும் அப்படியே செய்தார்கள். மாப்பிள்ளைகள் அவர்களுடைய தகப்பனின் சகோதரர் மக்கள்.

தமிழ்க் காதுக்கு இந்த இடம் சற்று உறுத்தும். பெரியப்பா, சித்தப்பா மகன் நமக்கு அண்ணன், தம்பி முறை, பங்காளி. மாமன் மகனை மணக்கலாம், பங்காளியை மணக்க முடியாது. நிலத்தைக் கிளைக்குள் நிறுத்த நினைத்த இஸ்ரவேலருக்கோ பங்காளிதான் பொருத்தமான மாப்பிள்ளை. மாமன் மகன் வேறு கிளைக்காரனாக இருக்கக்கூடும். அவனைக் கட்டினால் நிலமும் கூடவே போய்விடும்.

பிற்கால யூத ரபிகள் இந்தக் கட்டுப்பாடு அந்த ஒரு தலைமுறைக்கு மட்டுமே உரியது என்று தீர்த்தார்கள். கோத்திரங்கள் ஒன்றிடம் ஒன்று பெண் கொடுத்துப் பெண் எடுக்க வழி திறந்த நாள் என்பதும், ஆவ் மாதம் 15-ஆம் நாள் பண்டிகைக்கு ரபிகளின் தல்மூத் நூல் சொல்லும் காரணங்களில் ஒன்று.

கயிற்றுக் கணக்கு

தீர்ப்பு வாங்கியாயிற்று. நிலம் கைக்கு வந்ததா? யோசுவா நூலின் 17-ஆம் அதிகாரத்தில் அந்தப் பெண்கள் மறுபடி வந்து நிற்கிறார்கள். மோசே இறந்துவிட்டார், யோசுவா தலைவர். எலெயாசாரின் முன்னும் யோசுவாவின் முன்னும் வந்து, எங்களுக்குச் சொன்னது என்னவாயிற்று என்று நினைவூட்டுகிறார்கள். சட்டம் அவர்கள் பக்கம் இருந்தும் இரண்டாம் முறை கேட்க வேண்டியிருந்தது. கேட்டதும் கிடைத்தது.

அடுத்து வரும் வரி ஒரு கணக்கு. மனாசேக்கு, யோர்தானுக்குக் கிழக்கே உள்ள நிலம் நீங்கலாக, பத்துப் பங்குகள் விழுந்தன. ‘பங்கு’ என்ற இடத்தில் எபிரேயத்தில் இருக்கும் சொல் கயிறு. அளந்த கயிறே அளந்த நிலத்துக்குப் பெயர். பத்துக் கயிறு எப்படி வந்தது? கிளைகள் ஆறு: அபியேசேர், ஏலேக், அஸ்ரியேல், சீகேம், ஏபேர், செமிதா. இதில் ஏபேரின் வழியில் வந்தவன்தான் செலொப்பியாத். ஏபேரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஐந்து பேத்திகளை வையுங்கள். ஐந்தும் ஐந்தும் பத்து.

கணக்கு சரி, நியாயம்தான் இடிக்கிறது. ஏபேர் கிளைக்கு ஒரு பங்கென்றால், அதன் ஒரு பகுதிதானே பேத்திகள் ஐவருக்கும் சேர வேண்டும்? மற்ற ஐந்து கிளைகளுக்கும் சமமாக ஆளுக்கொரு கயிறு எப்படி? ரபிகளும் இந்தப் பங்கு விவகாரத்தை விடவில்லை. அவர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் கணக்குப்படி பெண்கள் வாங்கியது மூன்று பங்கு. எகிப்திலிருந்து வந்தவன் என்ற முறையில் தகப்பனுக்கு உரியது ஒன்று. பாட்டன் ஏபேரின் சொத்தில் தகப்பனுக்கு உரியது ஒன்று. அவன் தலைமகன் ஆதலால், மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு என்ற விதிப்படி இன்னொன்று.

ஆய்வாளர்கள் பலர் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். மனாசேயின் மலைநாட்டில் பத்து வட்டாரங்கள் ஏற்கெனவே இருந்தன. அவற்றில் ஐந்தின் பெயர்கள் பெண்பால். எல்லா வட்டாரங்களையும் ஒரே குலமுறைக்குள் அடக்கிச் சொல்ல வேண்டியிருந்தபோது அந்த ஐந்தும் ஐந்து மகள்களாயின என்பது அவர்கள் வாதம். வம்சாவளி என்பது அந்தக் காலத்தில் நிலப்படம். இன்ன ஊரான் இன்னாருக்கு மகன் என்றால், இந்த வட்டாரம் அந்த வட்டாரத்துக்குள் அடக்கம் என்று பொருள். யோசுவா நூலின் எல்லைப் பட்டியல்களில் பெரும்பகுதி அரசர் காலத்து நிர்வாகக் கணக்குகளிலிருந்து வந்தது என்பதும் ஆய்வுலகில் வலுவான கருத்து.

இப்போது சமாரியாவின் ஓட்டாஞ்சில்லுகளுக்குத் திரும்பலாம்.

பெயர் நின்றது, யாருடையது?

சில்லுகள் ஏதோ ஓர் அரசனின் 9, 10, 15-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அரசன் பெயரை எழுத்தன் எழுதவில்லை, அவனுக்குத் தெரிந்ததுதானே. கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி என்பதில் பெரிய கருத்துவேறுபாடு இல்லை. இரண்டாம் யெரொபெயாமின் ஆட்சி என்பது பெரும்பாலோர் முடிவு. 15-ஆம் ஆண்டுச் சில்லுகளில் கிளைப்பெயர்கள் வருகின்றன: அபியேசேர், ஏலேக், அஸ்ரியேல், சீகேம், செமிதா, நோவா, ஹோக்லா. யோசுவா நூலின் பத்தில் ஏழு. ஹோக்லா வட்டாரத்தில் குறிக்கப்படும் ஊர்களில் ஒன்று நாப்லூஸுக்கு வடக்கே இன்றும் யாசித் என்ற பெயரோடு இருக்கிறது.

ஐந்தாவது மகள் திர்சாளின் பெயர் சில்லுகளில் இல்லை. ஆனால் அது ஒரு நகரத்தின் பெயர். சமாரியா எழும்புமுன் வடநாட்டுக்குத் தலைநகரமாக இருந்த திர்சா அதுதான். நாப்லூஸுக்கு வடகிழக்கே, தெல் எல்-ஃபரா என்ற மேட்டில் 1946 முதல் ரோலான் தெ வோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தோண்டிய ஊர் அதுவே என்று அடையாளம் காண்கிறார்கள்.

ஏபேர் என்ற பாட்டனின் பெயர் இந்தச் சில்லுகளில் இல்லை. செலொப்பியாத்தின் பெயரும் இல்லை. எந்தத் தகப்பனின் பெயர் அழியக்கூடாது என்று அந்தப் பெண்கள் நிலம் கேட்டார்களோ, அவன் பெயரில் ஒரு வட்டாரமும் இல்லை, ஓர் ஊரும் இல்லை. அவனை நாம் அறிவது மகள்கள் தொடுத்த வழக்கால் மட்டுமே. மண்ணில் ஒட்டிக்கொண்டது மகள்களின் பெயர்.

ஒட்டிக்கொண்ட பெயரை எழுதிவைத்தது யார் என்பதையும் பார்க்க வேண்டும். கிளையின் பெரியவர்கள் அல்ல, அரண்மனைக் கணக்கன். சில்லில் வரும் ஆட்பெயர் சாடியை அனுப்பிய நிலக்காரனுடையதா, பெற்றுக்கொண்ட அரசவைப் பிரமுகனுடையதா என்று இன்னும் வாதம் நடக்கிறது. எப்படியிருந்தாலும் சாடி போன திசை ஒன்றுதான்: மலைக்கிராமத்திலிருந்து தலைநகரத்துக்கு. கோத்திரமும் கிளையும் சீட்டுப்போட்டுப் பிரித்து, யூபிலி வைத்து, கல்யாணத்துக்கு வேலி கட்டிக் காத்த நிலத்தின் விளைச்சல், கடைசியில் அரண்மனைப் பண்டசாலையின் வரவேட்டில் ஏறியது. கிளைப்பெயர் அங்கே உரிமையின் பெயராக அல்ல, வட்டாரக் குறியீடாக நிற்கிறது. கணக்கு முடிந்ததும் சில்லுகளைத் தரை மேடாக்கும் மண்ணோடு கொட்டிவிட்டார்கள். அதனால்தான் அவை நமக்குக் கிடைத்தன. கிடைத்தவை இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அந்தக் குன்றுக்கே ஒரு கிரயக் கதை உண்டு. கி.மு. 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓம்ரி என்ற படைத்தலைவன் அரசனானான். ஆறு ஆண்டுகள் திர்சாவிலிருந்து ஆண்டான். பிறகு சேமேர் என்பவனிடம் இரண்டு தாலந்து வெள்ளி கொடுத்து இந்தக் குன்றை விலைக்கு வாங்கித் தலைநகரை மாற்றினான். இன்றைய எடையில் அறுபது எழுபது கிலோ வெள்ளி. நஹலா விலைக்கு இல்லை என்ற நாட்டில் அரசன் செய்த கிரயம் இது. சேமேர் மறுத்ததாக எந்தச் செய்தியும் இல்லை.

ஓம்ரியின் மகன் ஆகாப் அதைப் பார்த்து வளர்ந்தவன். தகுந்த விலை சொன்னால் எந்த நிலமும் படியும் என்று அவன் நினைத்ததில் வியப்பில்லை. யெஸ்ரயேலில் அவன் அரண்மனையை ஒட்டி ஒரு திராட்சத்தோட்டம் இருந்தது. கீரைக்கொல்லை போடத் தோதான இடம் என்று கேட்டான்; வேண்டுமானால் இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையென்றால் பணம் தருகிறேன் என்றான். தோட்டக்காரன் நாபோத் முடியாது என்றான்.

அந்த மறுப்புக்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)